நெல் வெட்டுக் காலத்தில் எதை விடுவது, எதைப் பிடிப்பது: அஜைல் நடைமுறைகளை மாற்றிய ஒரு குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கல்முனையில் இயங்கும் ஏழு பேர் கொண்ட மென்பொருள் குழு ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. நிரல் எழுதுபவர்கள் ஐந்து பேர், அவர்களில் ஒருவர் குழுத் தலைவர். சோதனை பார்ப்பவர் ஒருவர். மில்காரர்களோடு பேசி வேலைகளை வரிசைப்படுத்தும் பொறுப்பாளர் ஒருவர். நெல் கொள்வனவுக் கணக்குக்கான செயலியை இவர்கள் பராமரிக்கிறார்கள். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, ஏறாவூர்ப் பக்கத்து 14 அரிசி மில்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

மில்லில் நடப்பது இதுதான். நெல் வந்ததும் கணக்கப்பிள்ளை நிறையையும் ஈரப்பதனையும் அண்ட்ரொய்ட் போனில் பதிகிறார். சாக்குக் கழிவும் ஈரக் கழிவும் போக மிஞ்சும் நிறையைச் செயலி கணக்கிடுகிறது. 58 மில்லிமீற்றர் புளூடூத் பிரின்டரில் துண்டு அடித்து விவசாயியின் கையில் கொடுக்கப்படுகிறது. பிறகு சேர்வரில் உள்ள பேரேட்டுக்குப் பதிவு போய்ச் சேரும். காசு கொடுப்பது அந்தப் பேரேட்டைப் பார்த்துத்தான்.

மென்பொருளைச் சிறு பகுதிகளாகச் செய்து அடிக்கடி திருத்திக்கொண்டு போவது அஜைல். அந்த வகையைச் சேர்ந்த ஸ்க்ரம் முறையில் குழு மூன்று வருடமாக வேலை செய்து வந்தது: இரண்டு வார வேலைச் சுற்றான ஸ்பிரின்ட், அதன் தொடக்கத்தில் திட்டமிடல், முடிவில் செய்ததைக் காட்டும் ரிவியூ, வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ, தினமும் சுருக்கமாகக் கூடிப் பேசும் ஸ்டான்ட்-அப். ஒரு வேலை 'டன்' (முடிந்தது) ஆவதற்கு ஆறு நிபந்தனைகள் இருந்தன. இன்னொருவர் நிரலைப் பார்க்க வேண்டும். தானியங்கிச் சோதனைகள் தேற வேண்டும். மில்களில் இருப்பது போன்ற விலை குறைந்த போனில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இணைப்பைத் துண்டித்துப் பதிந்து, மறுபடி இணைத்துச் சரிபார்க்க வேண்டும். துண்டை உண்மையான பிரின்டரில் அடிக்க வேண்டும். கணக்கப்பிள்ளையின் கைக்கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

இதில் ஒரு நடைமுறை மட்டும் ஏற்கெனவே உருமாறிப் போயிருந்தது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வழியில்லை. அதனால் ஸ்டான்ட்-அப் வட்ஸ்அப் குறுஞ்செய்தியாக மாறியது. அந்த நேரத்துக்கு அது சரியான முடிவுதான். மின்சாரம் ஒழுங்கான பிறகும் ஸ்டான்ட்-அப் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அது தற்காலிக ஏற்பாடு என்று எவரும் எழுதி வைக்கவில்லை. முடிக்கும் நாளும் குறிக்கப்படவில்லை.

வெட்டுத் தொடங்கியதும் தெரிந்தவை

2024 ஜனவரி கடைசி வாரத்தில் பெரும்போக வேளாண்மை வெட்டு மும்முரமானது. ஜனவரி 29 இல் தொடங்கிய ஸ்பிரின்டுக்கு 11 வேலைகள் எடுக்கப்பட்டன. இரண்டு வாரம் முடிந்தபோது தேறியவை நான்கு. அதே இரண்டு வாரத்தில் மில்களிலிருந்து இடையில் வந்து விழுந்த கோரிக்கைகள் 31. பிரின்டர் இணையவில்லை, விலை மாறிவிட்டது, புதுச் சாக்குக்கு வேறு கழிவு வேண்டும், ஈரக் கழிவுச் சூத்திரம் எங்கள் மில்லுக்கு வேறு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

கடைசியாகச் சொன்ன ஈரக் கழிவைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. நெல்லுக்கு 14 சதவீத ஈரப்பதனை அடிப்படையாக வைக்கிறார்கள். 18 சதவீத ஈரத்தோடு வரும் 2,600 கிலோவை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் என்ன நிறை வரும் என்பதை முறைப்படி கணக்கிட்டால், 2,600 ஐ 82 ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்க வேண்டும். விடை 2,479 கிலோவும் சொச்சமும். பல மில்களில் அப்படிப் பார்ப்பதில்லை. 14 க்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் நூற்றுக்கு ஒரு கிலோ கழிப்பார்கள். அந்தக் கணக்கில் கழிவு 104 கிலோ, மிஞ்சுவது 2,496. இரண்டு முறைக்கும் இடையில் கிட்டத்தட்ட 17 கிலோ வித்தியாசம். ஒரு மில்லில் முதல் முறை, அடுத்ததில் இரண்டாவது. ஆகவே மில்லுக்கு மில் சூத்திரத்தைத் தெரிவு செய்யும் வசதி வேண்டும் என்று கேட்டது நியாயமான தேவைதான், வெட்டு நடக்கும்போதே வேண்டும் என்பதும் நியாயம்தான்.

குழுவுக்குள் இருந்த மனநிலையையும் பதிய வேண்டும். திட்டமிடல் கூட்டத்தில் நான்கு மணித்தியாலம் இருந்து எடுத்த வேலைகள் மறுநாள் காலையிலேயே கலைந்து போவதை இரண்டு வாரம் தொடர்ந்து பார்த்தவர்கள், “எங்கட ஊருக்கு இந்த முறையெல்லாம் சரிவராது” என்று சொல்லத் தொடங்கினார்கள். அது பாதி உண்மை. வெட்டுக் காலத்தில் இரண்டு வாரத் திட்டம் நிலைக்காது என்பது சரி. மற்ற நடைமுறைகளுக்கும் அதே கதி என்று எடுத்துக்கொண்டதுதான் பிசகு.

முதல் முடிவு: பெப்ரவரி 12

குழுத் தலைவர் பெப்ரவரி 12 திங்கள் காலையில் நான்கு மாற்றங்களை ஒரே செய்தியில் அறிவித்தார். ஸ்பிரின்ட் இல்லை, வருகிற வேலையை வருகிற ஒழுங்கில் செய்வது. ரிவியூ இல்லை. ரெட்ரோவும் இல்லை. 'டன்' நிபந்தனைகள் ஆறிலிருந்து இரண்டு: இன்னொருவர் நிரலைப் பார்ப்பது, தானியங்கிச் சோதனை தேறுவது. ஸ்டான்ட்-அப் வட்ஸ்அப்பிலேயே தொடரும்.

அவர் சொன்ன காரணங்கள் அற்பமானவை அல்ல. மில் வாசலில் நெல் லொறி வரிசையில் நிற்கும்போது அலுவலகத்தில் கூட்டம் வைக்க முடியாது. கைக்கணக்கு ஒப்பீடு ஒவ்வொரு முறையும் இரண்டு மணித்தியாலம் எடுத்தது, அதற்கு நேரம் ஒதுக்கக் கணக்கப்பிள்ளைகளுக்கும் ஓய்வில்லை. இதையெல்லாம் அவர் சரியாகவே கணித்திருந்தார். ஆனால் சோதனை பார்ப்பவரிடம் கேட்கவில்லை. வேலைகளை வரிசைப்படுத்தும் பொறுப்பாளரிடமும் கேட்கவில்லை. 2020 ஆம் ஆண்டின் ஸ்க்ரம் வழிகாட்டியின்படி ஸ்பிரின்டை ரத்துச் செய்யும் அதிகாரம் அந்தப் பொறுப்பாளருக்கு மட்டுமே உண்டு. அதுகூட ஸ்பிரின்டின் இலக்குப் பொருளற்றுப் போனால்தான். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. எந்த மில்லில் என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரிந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த இரண்டு வாரம்

முதல் வாரம் வேகமாகப் போனது போலவே இருந்தது. ஐந்து வேலை நாளில் 19 மாற்றங்கள் மில்களுக்குப் போயின. இரண்டாம் வாரத்தில் அவற்றில் ஏழு திருத்தத்துக்குத் திரும்பி வந்தன. கையில் எடுத்து முடியாமல் கிடந்த வேலைகள் 18 ஆகப் பெருகின.

இந்த இடைவெளியில் நடந்த ஒரு சிறு விடயம் எழுத்து ஸ்டான்ட்-அப்பின் குறையைத் துல்லியமாகக் காட்டுகிறது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் துண்டின் தலைப்பை மாற்றிக்கொண்டிருந்தார். பிரின்டரில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக அடிபட்டன. இந்த வகைப் பிரின்டர்களில் தமிழ் எழுத்துரு உள்ளே இருப்பதில்லை. எழுத்தாக அனுப்பினால் அடிக்காது. வரி முழுவதையும் 384 புள்ளி அகலப் படமாக வரைந்து, படமாகவே அனுப்ப வேண்டும். அப்போதுதான் 'நெல்', 'கொள்வனவு' போன்ற சொற்களில் கொம்பு தன் இடத்தில் நிற்கும். குழுவில் இன்னொருவர் இதை இரண்டு வருடத்துக்கு முன்பே செய்து முடித்து, அதற்கான நிரல் பகுதியையும் எழுதி வைத்திருந்தார். புதியவருக்கு அது தெரியாது. மூன்று நாளும் காலையில் அவர் அனுப்பிய செய்தி “துண்டு வேலை நடக்கிறது” என்பதே. அது பொய்யும் இல்லை. எதிரில் இருந்து பேசியிருந்தால் “என்ன, இன்னும் அதுவா?” என்று யாராவது கேட்டிருப்பார்கள், குரலிலேயே தடுமாற்றம் தெரிந்திருக்கும். வட்ஸ்அப் செய்திக்குக் கட்டைவிரல் குறி மட்டும் விழுந்தது.

பெப்ரவரி 27 இல் பெரிய பிழை வெளிப்பட்டது. சம்மாந்துறைப் பக்கத்து மில் ஒன்றில் காசு வாங்க வந்த விவசாயி ஒருவர் தன் துண்டை மேசையில் வைத்தார். “தம்பி, துண்டில ரெண்டாயிரத்து நானூற்றித் தொண்ணூற்றாறு கிலோ. உங்கட கணக்கில நூறு கிலோ குறையுதே. எது சரி?”

அவர் துண்டின்படி 40 மூடை, மொத்த நிறை 2,640 கிலோ. சாக்குக்கு ஒரு கிலோ வீதம் 40 போக 2,600. ஈரம் 18, கழிவு 104, மிச்சம் 2,496. அது சரியான கணக்கு. பேரேட்டில் இருந்ததோ 2,396.16. 2,496 இலிருந்து இன்னொரு தடவை நான்கு சதவீதம் கழிந்திருந்தது. கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலும் அந்த ஒரே துண்டில் 9,984 ரூபாய்.

நடந்தது இதுதான். புதிய சூத்திரத் தெரிவு போனிலும் சேர்வரிலும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தது. இணைப்பு இருக்கும்போது கணக்கைச் சேர்வர் போடும், போன் காட்ட மட்டும் செய்யும். இணைப்பு இல்லாதபோது போனே கணக்குப் போட்டுத் துண்டை அடிக்கும். அப்போது கழிவு போன நிறையை, கழிவு போகாத நிறைக்குரிய அதே இடத்தில் சேமித்தது. இணைப்புக் கிடைத்ததும் சேர்வர் அதைக் கழிக்காத நிறை என்று எடுத்து மறுபடி கழித்தது. தகரக் கூரைக் களஞ்சியத்துக்குள் சிக்னல் எடுக்காத மில்களில் மட்டும் இது நடந்தது. தானியங்கிச் சோதனைகள் போனின் சூத்திரத்தைத் தனியாகவும் சேர்வரின் சூத்திரத்தைத் தனியாகவும் பார்த்தன. இரண்டும் தேறின. இரண்டுக்கும் இடையிலான கைமாற்றத்தைப் பார்த்திருக்கக்கூடியவை பெப்ரவரி 12 இல் கைவிட்ட நான்கில் இரண்டு: இணைப்பைத் துண்டித்துப் பார்ப்பது, கைக்கணக்கோடு ஒப்பிடுவது. எது இருந்திருந்தாலும் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

மூன்று மில்களில் 212 பதிவுகள் பாதிக்கப்பட்டிருந்தன. 61 விவசாயிகளுக்கு ஏற்கெனவே குறைத்துக் காசு கொடுத்தாகிவிட்டது. குழுவிலிருந்து மூன்று பேர் இரண்டரை நாள் மில்களில் இருந்து, துண்டின் அடிக்கட்டைப் பிரதிகளைப் பேரேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். குறைந்த தொகையை மில்கள் கொடுத்துத் தீர்த்தன. வெட்டுக் காலத்துக் காசை நம்பி உரத்துக்கும் மெசினுக்கும் கடன் பட்டிருப்பவருக்குப் பத்தாயிரம் ரூபாய் குறைவது சின்ன விடயம் இல்லை. அந்த விவசாயி துண்டைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் பிழை பிடிபட்டது.

இரண்டாவது முடிவு: மார்ச் 2

மார்ச் 2 சனிக்கிழமை ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். ஒரு பெரிய தாளில் நடைமுறைகள் ஒவ்வொன்றையும் எழுதி, அதற்கு எதிரே நான்கு கேள்வி. இது எதைத் தெரியப்படுத்துகிறது அல்லது எதைப் பிடிக்கிறது? இல்லாவிட்டால் யாருக்கு நட்டம்? இப்போது இதற்குத் தடையாக இருப்பது இதன் நோக்கமா, வடிவமா? மாற்றினால் எந்த நாளில் மறுபரிசீலனை?

மூன்றாவது கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது. கைக்கணக்கு ஒப்பீட்டின் நோக்கத்தில் எவருக்கும் சந்தேகமில்லை. தடை, கணக்கப்பிள்ளை இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற வடிவம். ஆகவே மூத்த கணக்கப்பிள்ளை ஒருவரிடம் ஒரே ஒரு தடவை போய், 12 வரி கொண்ட மாதிரித் தாளை வாங்கினார்கள். ஈரம் 14 க்குக் கீழ், சரியாக 14, 17.5 போன்ற பின்னம், இருவகைச் சாக்கும் கலந்த லொறி, பதிந்த பின் திருத்திய நிறை எல்லாம் அதில் இருந்தன. அந்த 12 வரியையும் இணைப்போடு ஒரு தடவை, இணைப்பில்லாமல் ஒரு தடவை ஓட்ட 20 நிமிடம் போதுமாக இருந்தது. ஆறு நிபந்தனைகளும் அப்படியே திரும்பி வந்தன.

ஸ்பிரின்டின் கதை வேறு. அதன் நோக்கம் ஒரு இலக்கை இரண்டு வாரம் கலையாமல் காப்பது. வெட்டுக் காலத்தில் காக்க வேண்டிய அப்படி ஒரு இலக்கே குழுவுக்கு இல்லை. ஆகவே ஏப்ரல் 19 வரை ஸ்பிரின்டை நிறுத்தி, ஒவ்வொரு வேலையும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் கன்பான் பலகைக்குப் போனார்கள். செய்துகொண்டிருப்பவை நான்குக்கு மேல் கூடாது, சோதனையில் இரண்டுக்கு மேல் கூடாது. அவசரத்துக்குத் தனி வரி, அதில் எப்போதும் ஒன்றுதான். அவசரம் எது என்பதற்கு மூன்றே அளவுகோல்: தராசடியில் லொறி காத்து நிற்கிறது, துண்டு அடிபடவில்லை, காசுக் கணக்குப் பிழை. மில்களின் போன் அழைப்புக்கு ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்தார்கள். மற்ற நால்வரின் போனும் மேசையில் கவிழ்ந்து கிடக்கும்.

ஸ்டான்ட்-அப் மறுபடி வாய்ப்பேச்சானது. காலை 9.15, பத்து நிமிடம், மில்லில் நிற்பவர் போன் அழைப்பில் சேர்வார். ஆள் ஆளாகக் கேட்பதில்லை. பலகையின் வலது ஓரத்தில், முடிவுக்கு அருகில் இருக்கும் வேலையிலிருந்து தொடங்கி, “இது நகர என்ன வேண்டும்?” என்று கேட்டு இடப்பக்கம் வருவார்கள். மார்ச் 12 இல் நோன்பு தொடங்கியபோதும் நேரம் மாறவில்லை. மாலைக் கூட்டம் எதுவும் வைப்பதில்லை என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

ரெட்ரோவை இரண்டு வாரத்துக்கு ஒன்றிலிருந்து வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டினார்கள், நீளத்தை 30 நிமிடமாகக் குறைத்தார்கள். வெள்ளி ஜும்ஆவோடு முட்டும் என்பதால் வியாழன். எங்கள் கணிப்பில் அன்று எடுத்தவற்றில் மிக முக்கியமான முடிவு இதுவே. 2001 இன் அஜைல் பிரகடனத்தோடு வந்த 12 கொள்கைகளில் கடைசி, குழு சீரான இடைவெளியில் தன்னைத் திரும்பிப் பார்த்துத் தன் போக்கைத் திருத்த வேண்டும் என்கிறது. மற்ற நடைமுறைகளை மாற்றும் உரிமை குழுவுக்கு அங்கிருந்துதான் வருகிறது. பெப்ரவரி 12 இல் மற்ற மாற்றங்களோடு ரெட்ரோவும் போனதால், அந்த மாற்றங்கள் வேலை செய்கின்றனவா என்று கேட்க இடமே இல்லாமல் போனது. 15 நாள் கழித்து அதை ஒரு விவசாயி கேட்க வேண்டியிருந்தது.

ரிவியூ அலுவலகத்தை விட்டு மில்லுக்குப் போனது. லொறிகள் பின்னேரத்தில்தான் நெருக்கும், அதனால் காலை 11 மணிக்கு முன் பொறுப்பாளரும் ஒரு நிரலாளரும் கணக்கப்பிள்ளையின் பக்கத்தில் நின்று அவர் பதிவதைப் பார்ப்பார்கள். விளக்கம் சொல்வதில்லை. வேலையின் பருமனை மதிப்பிட்டு எண்ணாகக் குறிக்கும் ஸ்டோரி பொயின்டுகளை நிரந்தரமாகக் கைவிட்டார்கள். அந்த எண்ணை வைத்து யார் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை.

விளைவு

பலகை வந்த பிறகும் வாரத்துக்கு முடிந்த வேலைகள் ஏறக்குறைய ஒன்பதுதான். பெப்ரவரிக் கடைசியிலும் திருத்தத்துக்குத் திரும்பியவற்றைக் கழித்தால் அதே ஒன்பதுதான். மாறியது காத்திருப்பு. ஒரு நேரத்தில் கையில் இருப்பவற்றை வாரத்தில் முடிபவற்றால் வகுத்தால் ஒரு வேலை சராசரியாக எடுக்கும் காலம் கிடைக்கும். 18 ஐ ஒன்பதால் வகுத்தால் இரண்டு வாரம். பலகையின் வரம்பான ஆறை (செய்வதில் நான்கு, சோதனையில் இரண்டு) ஒன்பதால் வகுத்தால் ஐந்து நாளுக்கும் குறைவு. மில்காரர்களின் முறைப்பாடு வேகத்தைப் பற்றியது என்றே குழு நினைத்திருந்தது. எப்போது வரும் என்று சொல்ல முடியாததுதான் அவர்களை அதிகம் வருத்தியிருக்கிறது.

ஏப்ரல் 19 வரை சோதனையைத் தாண்டி மில்லுக்குப் போன பிழைகள் இரண்டு. இரண்டும் திரைத் தோற்றம் சார்ந்தவை, காசைத் தொடாதவை.

சரிவராதவையும் உண்டு. சோதனை வரியில் இரண்டு நிரம்பியதும் நிரலாளர்கள் புதிய வேலை எடுக்க முடியாது, சோதனைக்குத்தான் கைகொடுக்க வேண்டும். முதல் வாரம் அதை இருவர் விரும்பவில்லை, ஒருவர் பலகையில் ஏற்றாமலே ஒரு வேலையைச் செய்தார். ரெட்ரோவில் அது பேசப்பட்டுத் தீர்ந்தது. அவசர வரி அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. மில் முதலாளிகள் முறை ஆளை விட்டுவிட்டுப் பொறுப்பாளருக்கு நேரே போன் எடுப்பார்கள். ஊர் பழக்கம், உறவு, மறுக்க முடியாது. மூன்றாம் வாரத்தில் அவசர வரியில் மூன்று வேலைகள் நின்றன. அவற்றில் அளவுகோலுக்குள் வந்தது ஒன்றே.

புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு, ஏப்ரல் 22 இல் இரண்டு வார ஸ்பிரின்ட் மீண்டது. அதற்குக் காரணம் பழக்கம் அல்ல. விதைப்புக்கு முன் விவசாயிகளுக்குக் கொடுக்கும் முற்பணத்தைப் பேரேட்டில் சேர்ப்பது ஆறு வாரத்துக்குக் குறையாத வேலை. பாதியில் விட்டால் பயனில்லை. இடையூறிலிருந்து காக்க வேண்டிய இலக்கு இப்போது இருந்தது.

இனி மாற்ற வேண்டியவை

மாற்றத்துக்கான நாளை முன்கூட்டியே குறித்திருக்கலாம். மூன்று மாத, மூன்றரை மாத நெல் இனங்களுக்கு வெட்டு எப்போது என்பது விதைத்த அன்றே தெரியும். ஆனால் குழு நெருக்கடி முற்றிய பிறகே முடிவெடுத்தது. இப்போது விதைப்புக் கணக்கை வைத்து, வெட்டுக்கு மூன்று வாரம் முன்பே கன்பான் பலகைக்கு மாறும் நாள் குறிக்கப்படுகிறது. நாள் தவறினாலும் பிடிபட ஒரு குறி இருக்கிறது: முடித்த வேலைகளில் பாதிக்கு மேல் திட்டத்தில் இல்லாதவையாக இரண்டு வாரம் தொடர்ந்தால் மாறும் நேரம் வந்துவிட்டது.

நான்கையும் ஒரே நாளில் மாற்றியதால் எந்த மாற்றம் என்ன செய்தது என்று பிரித்தறிய முடியவில்லை. ஸ்பிரின்டை மட்டும் நிறுத்தியிருந்தால் அந்த 212 பதிவுகள் நேர்ந்திருக்காது. ஒரு வாரத்தில் ஒரு நடைமுறைக்கு மேல் மாற்றுவதில்லை, ரெட்ரோவையும் 'டன்' நிபந்தனைகளையும் ஏழு பேரும் இல்லாமல் தொடுவதில்லை என்று இப்போது வைத்திருக்கிறார்கள்.

ஸ்க்ரம் வழிகாட்டி, கட்டமைப்பின் சில பகுதிகளை மட்டும் எடுத்தால் அது ஸ்க்ரம் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதைப் படித்துக் குற்ற உணர்வு கொள்ளும் குழுக்கள் இருக்கின்றன. மார்ச் மாதம் இந்தக் குழு செய்தது ஸ்க்ரம் அல்லதான். அதை அந்தப் பெயரில் அழைக்காமல் விட்டால் போதும்.

அவசர வரிக்கு அப்போது முழுத் தீர்வு கிடைக்கவில்லை. 2024 ஓகஸ்ட் சிறுபோக வெட்டுக்கு ஒரு சோதனை முயற்சி தாளில் இருந்தது: பொறுப்பாளருக்கு வரும் அழைப்பை அவர் மறுக்காமல் எடுத்து, முதலாளியிடம் அவசரத்துக்கான மூன்று அளவுகோலையும் கேள்வியாகக் கேட்டு, விடையை அங்கேயே பலகையில் எழுதுவது. எதிரே மறுபரிசீலனை நாள் செப்டம்பர் 5, வியாழன் என்று குறித்திருந்தது.